உப்பின் சூட்டில் ஓர் உணவு

மரக்காணத்து உப்பு வெயிலின் விளைச்சல். தை, மாசியில் பாத்திகளைச் செப்பனிட்டு உவர்நீரைத் தேக்குவோர் புரட்டாசி வரை உப்பை வாரிக் குவிப்பர். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை இறங்கியதும் பாத்திகள் மூழ்கிவிடும், கூலியும் நின்றுவிடும். இம்மாதங்களுக்கென உப்பளத் தொழிலாளருக்கு 5,000 ரூபாய் நிவாரணம் வழங்கும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2022ஆம் ஆண்டில் தொடங்கியது. அத்தொகை எத்தனை நாளைக்கு வரும் என்பதை நம் இல்லத்தரசியர் நன்கறிவர்.

குளிரும் ஈரமுமான அந்நாட்களுக்கு ஏற்ற, செலவு குறைந்த உணவொன்றைப் பற்றியே இங்கு எழுதுகிறோம். வேகவைத்த பண்டங்களை ஒரே பாத்திரத்தில் அடுக்கி, அனலில் சுட்டெடுப்பதை மேல்நாட்டார் 'கேசரோல்' என்பர். பிரெஞ்சு மொழியில் அது பாத்திரத்தின் பெயரே. மேற்புறம் முறுகச் சுட்டதை அம்மொழியார் 'கிராத்தேன்' என அழைப்பர். 'சுரண்டுதல்' என்னும் பொருளுடைய சொல்லினின்று அது பிறந்தது. சோற்றுப் பானையின் காந்தலுக்குச் சண்டையிடும் நம் பிள்ளைகளுக்கு இதை விளக்கவும் வேண்டுமோ?

சுட்ட உணவு இக்கரைக்குப் புதியதன்று. மரக்காணமே சங்ககால எயிற்பட்டினம் எனக் கருதும் அறிஞர் உளர். அப்பட்டினத்துப் பரதவர், வந்த பாணருக்குச் சுட்ட மீன் அளித்த செய்தியைச் சிறுபாணாற்றுப்படை கூறுகிறது.

ஆயினும் இவ்வுணவை நாம் பரிந்துரைப்பதற்குக் காரணம் வேறு. தோசை வார்க்கும் இரவை எண்ணிப் பாருங்கள். கணவரும் மக்களும் ஒவ்வொருவராய் உண்டு எழுவர். தாயோ கடைசித் தோசை வரை அடுப்படியிலேயே நிற்பாள். அடுப்பில் ஏற்றி மூடிவிட்ட இவ்வுணவு, எல்லாருக்கும் ஒரே வேளையில் இறங்கும். அவளும் உடன் அமரலாம். அன்னையருள் பலர் இதைப் பெரிதாக எண்ணுவதில்லை; நாம் எண்ணுகிறோம்.

இதற்கென மின்னடுப்பு வாங்க வேண்டியதில்லை. நம் ஊர்க் கல்லுப்பே போதும். உப்பு 801 பாகை செல்சியசில்தான் உருகும். வீட்டடுப்பில் அது உருகுவதுமில்லை, கருகுவதுமில்லை. வாங்கிய சூட்டைப் பிடித்து வைத்துச் சீராய் விடும். ஆனால் கல்லுப்பின் மணிகளுக்குள் நீர் சிறைப்பட்டிருக்கும். திடீரெனச் சுட்டால் வெடித்துத் தெறிக்கும். எனவே முதலில் சிறுதீயில், மூடியபடியே, படபடப்பு அடங்கும் வரை வறுத்துக்கொள்க. ஈர உப்பு அலுமினியத்தை அரித்துவிடுமாதலால் கனமான இரும்புச் சட்டியே ஏற்றது. அதில் ஓர் அங்குல உயரம் உப்பைப் பரப்பி, நடுவே முக்காலி வைத்து, மூடிப் பத்து நிமிடம் காயவிடுக.

ஐவருக்கு ஒரு கிலோ உருளைக்கிழங்கு வேண்டும். விலை ஏறிய நாளில் மரவள்ளிக்கிழங்கும் ஆகும். அதனை நன்கு வேகவைத்து, நரம்பு நீக்கி, உப்பிட்டு மசிக்க. அரைக்கிலோ பாறை மீனையோ கொடுவாவையோ மஞ்சளிட்டு அவித்து, முள்ளை முற்றும் களைந்து உதிர்க்க. சின்ன வெங்காயம், இஞ்சி, பச்சை மிளகாய், மிளகுத்தூள் ஆகியவற்றை வதக்கி மீனுடன் கலந்து, கெட்டித் தேங்காய்ப்பால் அரைக்கோப்பை ஊற்றுக. எண்ணெய் தடவிய எவர்சில்வர்ப் பாத்திரத்தில் மீனை அடியிலும் கிழங்கை மேலுமாகப் பரப்பி, அடித்த முட்டையொன்றைப் பூசி, காய்ந்த ரொட்டித் தூளைத் தூவுக. பாலாடைக்கட்டி இல்லையே என வருந்த வேண்டா.

பாத்திரத்தை முக்காலிமேல் வைத்து மூடி, மிதமான தீயில் முப்பத்தைந்து நிமிடம் விடுக. கீழிருந்து மட்டும் சூடேறினால் மேற்புறம் வெளுத்தே நிற்கும். எனவே தட்டையான இரும்பு மூடியின்மேல் கொட்டாங்கச்சித் தணலைக் கடைசிப் பத்து நிமிடம் பரப்பினால் பொன்னிறம் வந்துவிடும். தணலின் நச்சுப் புகை கண்ணுக்குத் தெரியாது. மழைக்கு அஞ்சிக் கதவையும் சன்னலையும் அடைத்துவிடாதீர்கள்! தணல் போடுவது தொல்லை என்போர் இறக்கிய பின் கரண்டி நெய்யில் ரொட்டித் தூளை வறுத்துத் தூவலாம். முறுகல் சற்றுக் குறையும், சுவை கெடாது.

ஆறிய உப்பைத் தனி டப்பாவில் அடைத்து வைத்தால் அடுத்த முறைக்கும் உதவும்; பழுப்பேறிய அதனைக் குழம்பில் மட்டும் இடலாகாது.