கிளுவை வேலி காட்டிய பருவம்

காங்கேயம், தாராபுரம் பக்கத்துக் கொரங்காடு எனும் மேய்ச்சல் நிலங்களில் அன்று மாதம் அறிய வேலியோரம் நடந்தாலே போதும். மேய்கிற மாடு வெளியேறாதிருக்கக் கிளுவைப் போத்துகளை ஊன்றி வளர்த்த உயிர்வேலி அது. பறவை எச்சத்தில் விழுந்த விதைகளும் அந்த முள்ளுக்குள் பத்திரமாக முளைத்தன.

மழை ஓய்ந்த கார்த்திகையில் கோவைப்பழம் சிவக்கும், சூரைப்பழம் கறுக்கும். மார்கழிக் கடைசியில் ஆவாரம்பூவையும் பூளைப்பூவையும் வேலியோரத்திலேயே பறித்து, வேப்பிலையோடு சேர்த்து வீட்டுக்கும் பட்டிக்கும் காட்டுக்கும் காப்புக் கட்டினார்கள். தை, மாசியில் இலந்தை. சித்திரையில் கொன்றை. ஆடியில் நாவல். புரட்டாசி, ஐப்பசியில் கண்வலிக்கிழங்குக் கொடி கிளுவைமேல் ஏறி, மஞ்சளாக விரிந்து நாளுக்கு நாள் சிவக்கும். மாநில மலரான செங்காந்தள் அதுதான். கிழங்கு நஞ்சு என்று பிள்ளைகளுக்கும் தெரிந்திருந்தது.

இன்று பல காடுகளைச் சுற்றிக் கல்தூணும் கம்பியும் நிற்கின்றன. கிளுவை இடத்தை அடைக்கும், அடிக்கடி கழிக்க வேண்டும், அதற்கு ஆளும் கூலியும் வேண்டும். கம்பிக்கு அந்தத் தொல்லை இல்லை. நிலம் வீட்டுமனையானால் முதலில் அழிபடுவது வேலிதான். சும்மா கிடக்கும் இடத்தைச் சீமைக்கருவேல் பிடித்துக்கொள்கிறது. காப்புக் கட்டும் பூவைச் சந்தையில் காசு கொடுத்து வாங்குகிறோம்.

செங்காந்தளின் கதை வேறு. மூலனூர்ப் பக்கம் அது கம்பிப் பந்தலில் ஏற்றிய பணப்பயிர். பூவின் சூல்தண்டு மகரந்தப் பைகளை விட்டு விலகி வளைந்திருப்பதால், பூவுக்குப் பூ கையால் மகரந்தம் சேர்க்கிறார்கள். விதையிலிருந்து எடுக்கும் கோல்சிசின், கீல்வாத மருந்தாகிறது. எந்தக் கொடியில் என்றைக்குப் பூ விரியும் என்பது அந்த வேலையாட்களுக்கு அத்துப்படி.

ஆக, விலை உள்ள பூவை இன்றும் உற்றுப் பார்க்கிறோம். சடங்குக்கு வேண்டிய பூவைத் தேடிப் போகிறோம். விலையும் சடங்கும் இல்லாத சூரை, காரை போன்ற வேலிச் செடிகள்தான் கண்ணிலிருந்து விலகிவிட்டன. பெயர் தெரியாத செடியை வெட்டும்போது கை தயங்காது. இழப்பு அங்கேதான் தொடங்குகிறது.

காடு வைத்திருப்பவர்கள் ஒரு பக்கமாவது கிளுவையை விட்டுவையுங்கள். போத்துக்குச் செலவில்லை, தழை ஆட்டுக்கு ஆகும். மற்றவர்கள், ஊருக்குப் போகும்போது பிள்ளைகளை வேலியோரம் அழைத்துச் சென்று, பூத்ததையும் பழுத்ததையும் பெயர் சொல்லிக் காட்டுங்கள்.