ஒரு மில்லிமீற்றருக்குள் ஒளிந்திருக்கும் காற்று

காற்றை அளக்கிறவர்களின் மேசையை ஒரு தடவை எட்டிப் பாருங்கள், நகரவே மனம் வராது! அங்கே இருப்பது ஒரு தங்ஸ்தன் கம்பி. தடிப்பு 5 மைக்ரோன், அதாவது தலைமயிரில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. நீளம் 1 மில்லிமீற்றர். இரண்டு ஊசிமுனைகளுக்கு நடுவே அதை ஒட்டி, மின்சாரம் பாய்ச்சி, 200 பாகைக்கு மேல் சூடாக்குகிறார்கள். காற்றுப் பட்டால் கம்பி குளிரப் பார்க்கும். மின்சுற்று விடாது, உடனே கூடுதல் மின்சாரம் கொடுத்துச் சூட்டைப் பழையபடி நிறுத்தும். எவ்வளவு கூடுதலாகக் கொடுத்தது என்பதிலிருந்து வேகம் தெரிந்துவிடும். விநாடிக்குப் பல ஆயிரம் தடவை துடிக்கும் காற்றையும் இந்தச் சின்னக் கம்பி விடாமல் பின்தொடர்கிறது.

இன்னும் மெல்லியது வேண்டுமென்றால் வொலஸ்டன் கம்பி இருக்கிறது. வெள்ளி உறைக்குள் பிளாட்டினம். நுண்ணோக்கியில் கண்ணை வைத்துக்கொண்டு, நைத்திரிக் அமிலத் துளியால் நடுப்பகுதி வெள்ளியை மட்டும் கரைத்தால் உள்ளிருந்து பிளாட்டின இழை மினுங்கிக்கொண்டு வெளியே வரும். மூச்சுப் பலமாக விடவே பயமாக இருக்கும் வேலை!

சரி, காற்றில் அப்படி என்ன அளக்கக் கிடக்கிறது? கலவானப் பக்கத்துத் தேயிலை ஸ்டோர் ஒன்றில் கொழுந்து வாட்ட விசிறி ஓடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். தகரச் சுவரை ஒட்டிப் போகும் காற்று நேராகப் போவதில்லை. மெதுவான கீற்று, வேகமான கீற்று, மறுபடி மெதுவானது என்று பக்கம் பக்கமாக நெளிகிறது. திடீரென்று ஒரு கீற்று சுவரை விட்டுச் சீறி எழுகிறது. விநாடிக்கு 10 மீற்றர் வேகத்தில் இந்தக் கீற்றுகளுக்கிடையே இருப்பது சுமார் 4 மில்லிமீற்றர்தான். வேகம் கூடக் கூட இடைவெளி இன்னும் ஒடுங்கும்.

விசயமே இங்கேதான் சூடு பிடிக்கிறது! கம்பி தன் நீளம் முழுவதிலும் படும் காற்றின் சராசரியைத்தான் சொல்லும். பத்துப் பேரின் கொழுந்தை ஒரே சாக்கில் கொட்டி நிறுத்தால் மொத்தம் சரியாக வரும். யார் 30 கிலோ எடுத்தார், யார் 12 கிலோ எடுத்தார் என்பது போய்விடும். அப்படியே, சராசரி வேகத்துக்கு நீளக் கம்பி போதும். சீறல்களை எண்ணத்தான் போதாது.

பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் நாரஹரி ராவ், ரொத்தம் நரசிம்மா, பத்ரி நாராயணன் மூவரும் சூட்டுக்கம்பியால் இந்தச் சீறல்களை எண்ணி 1971இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சுவருக்கு அருகே பிறக்கும் சீறல்களின் நேர இடைவெளியைத் தீர்மானிப்பது சுவரோரத்து நுண்ணளவு அல்ல, எல்லைப்படையின் (சுவரின் உராய்வால் வேகம் குறைந்த காற்றுப் படையின்) முழுத் தடிப்பும் வெளிக்காற்றின் வேகமும்தான் என்றது அது. உலகமே நிமிர்ந்து உட்கார்ந்தது. தென்னிந்தியாவின் ஒரு காற்றுச் சுரங்கத்திலிருந்து வந்த அந்தத் துணிச்சலை நினைத்தால் இன்றும் எனக்குப் பூரிப்புத்தான்.

1983இல் பிளாக்வெல்டர், ஹரிட்டோனிடிஸ் என்ற இரு ஆய்வாளர்கள் வேறொரு கேள்வியைப் போட்டார்கள்: கம்பி எவ்வளவு நீளம்? சுவரோரத்து நுண்ணளவு என்பது காற்றின் பிசுக்குமையும் சுவர் உராய்வும் சேர்ந்து தரும் ஒரு நீளம். 10 மீற்றர் வேகத்தில் அது ஏறத்தாழ 0.04 மில்லிமீற்றர். அதில் 20 மடங்கை விடக் கம்பி குறுகியிருந்தால், சீறல்களின் கணக்கு சுவரோரத்து நுண்ணளவுக்கே பொருந்தி வந்தது! 1 மில்லிமீற்றர் கம்பி 10 மீற்றர் வேகத்திலேயே 25 மடங்கு. 20 மீற்றரில் சுமார் 50 மடங்கு. கம்பி மாறவில்லை, காற்றின் நெளிவுதான் சிறுத்துவிட்டது. வேகம் கூடும்போது கருவி தவறவிடும் சீறல்களும் கூடும். அந்த நழுவல் இயற்கையின் விதி போலவே வரைபடத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். சீறல் பற்றிய வாதம் அதோடு அடங்கிவிடவில்லை. ஆனால் அதன்பிறகு கம்பி நீளத்தைக் கேட்காமல் எவரும் ஒரு வரைபடத்தை நம்புவதில்லை.

அப்படியானால் கம்பியைக் குறுக்கிவிடலாமே? குறுக்கினால் சூடு காற்றுக்குப் போகாமல் இரு முனைகள் வழியே ஓடிவிடும். நீளம், தடிப்பைப் போல 200 மடங்காவது இருக்க வேண்டும். ஆகவே குறுக்க வேண்டுமானால் மெலியவும் வேண்டும். மெலிந்தால் ஒரு தூசு பட்டாலே அறுந்துவிடும்.

இந்தச் சிக்கலைத் தாண்ட, பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் கணினிச் சில்லு செய்யும் முறையில் 60 மைக்ரோன் நீளப் பிளாட்டின நாடா செய்தது. தடிப்பு 0.1 மைக்ரோன்! அதை வைத்தது எங்கே தெரியுமா? வளிமண்டலத்தைப் போல 200 மடங்கு வரை காற்றை அமுக்கி ஓடவிடும் குழாய்க்குள். அங்கே உச்ச நிலையில் அந்த நுண்ணளவு 1 மைக்ரோனுக்கும் கீழே போகிறது. 60 மைக்ரோன்கூட அதற்கு நீளம்தான். அதனால் 30 மைக்ரோனிலும் ஒன்று செய்தார்கள்.