சந்திர ராக்கெட்டின் எடை எவ்வளவு?

எண்ணூருக்கு வடக்கே, பழவேற்காட்டு ஏரிக்கு அப்பால் அமைந்துள்ளது ஸ்ரீஹரிகோட்டா. 2008, 2019, 2023 ஆகிய ஆண்டுகளில் சந்திரனை நாடிச் சென்ற நம் நாட்டுக் கலங்கள் மூன்றும் அங்கிருந்தே புறப்பட்டன. அவற்றைச் சுமந்த ராக்கெட்டுகளையும், அமெரிக்கரின் சாட்டர்ன் ஐந்தையும் ஒப்பிட விரும்பும் மாணவர் நான்கு நூல்களைப் புரட்டினால் நான்கு எண்களைக் காண்பார். எதனை நம்புவது? பேச்சு வழக்கில் எடை என்று நாம் சொல்லும் நிறையைப் பற்றியே இக்கேள்வி.

இதற்குத் துறைமுகத் தொழில் நல்லதொரு வழி காட்டுகிறது. 2001ஆம் ஆண்டு திறக்கப்பட்ட எண்ணூர்த் துறைமுகம், அனல் மின் நிலையங்களுக்கு நிலக்கரி இறக்குவதற்கென முதலில் அமைந்தது. கப்பலை ஏற்றி நிறுக்கத்தக்க தராசு உலகில் இல்லை. ஆகவே சர்வேயர், கப்பலின் முன்புறம், நடு, பின்புறம் ஆகிய இடங்களில் தீட்டப்பட்ட நீர்மட்டக் குறிகளைச் சரக்கு இறக்குமுன் ஒரு முறையும், இறக்கியபின் ஒரு முறையும் படிக்கிறார். கப்பல் விலக்கிய நீரின் எடையே கப்பலின் எடை. இரண்டு எடைகளுக்குமுள்ள வேறுபாட்டில், இடையில் எரிந்த எண்ணெயையும், கப்பல் நிலைகுலையாதிருக்க ஏற்றிய நீரையும் கணக்கிட்டுச் சரிசெய்தால் நிலக்கரியின் எடை கிடைக்கும். எதன் எடை, எந்த நேரத்து எடை, எந்த டன் என்ற மூன்றும் தெளிவாயிராவிடில் அக்கணக்கை வணிகர் ஏற்கமாட்டார்.

இம்மூன்று கேள்விகளையும் ராக்கெட்டிடம் கேட்போம்.

முதலில், டன். மெட்ரிக் டன் 1,000 கிலோ. ஆங்கிலேயர் டன் சுமார் 1,016 கிலோ. அமெரிக்கர் டன் சுமார் 907 கிலோ. ஒரே ராக்கெட்டை ஒருவர் 2,940 டன் என்றும், மற்றொருவர் 3,240 டன் என்றும் எழுதினால் இருவரும் பிழையின்றிக் கூறியிருக்கலாம்.

அடுத்தது, நேரம். 1969 ஜூலை 16 அன்று அப்பல்லோ 11 கலத்துடன் நின்ற சாட்டர்ன் ஐந்து, எஞ்சின்கள் பற்றவைக்கப்பட்டபோது ஏறத்தாழ 2,938 மெட்ரிக் டன் இருந்தது. பிடிகள் விலகி அது மேலெழும்புமுன் சில நொடிகளிலேயே சுமார் 39 டன் எரிபொருள் எரிந்துவிட்டது. பற்றவைத்த கணத்து எடை வேறு, தரையை விட்ட கணத்து எடை வேறு.

மூன்றாவது, எதன் எடை என்பது. 2008 அக்டோபர் 22 அன்று சந்திரயான் ஒன்றைச் சுமந்த ராக்கெட் சுமார் 316 டன். கலம் மட்டும் 1,380 கிலோ. அதுவே சந்திரனைச் சுற்றும் பாதையை அடைந்தபோது 675 கிலோவாகக் குறைந்திருந்தது. வழியில் எரிபொருள் செலவாகியிருந்தது. சந்திரயான் மூன்றின் 3,900 கிலோவில் உந்துகலம் 2,148 கிலோ, தரையிறங்கி 1,752 கிலோ. 26 கிலோ எடையுள்ள ஊர்தி தரையிறங்கியின் கணக்கிலேயே அடங்கும். அதனைத் தனியே கூட்டினால் தொகை தவறும்.

ஒப்பிடும்போது இன்னொரு எச்சரிக்கையும் வேண்டும். சாட்டர்ன் ஐந்தின் மூன்றாம் அடுக்கு, அப்பல்லோ கலத்தைச் சந்திரனுக்குச் செல்லும் வழியிலேயே செலுத்தியது. நம்முடைய ராக்கெட்டோ, சந்திரயான் மூன்றைப் பூமியைச் சுற்றும் நீள்வட்டப் பாதையில் விட்டது. சந்திரனைச் சுற்றும் பாதைவரையான எஞ்சிய பயணத்தைக் கலத்தின் உந்துகலமே முடித்தது. இரண்டு சுமைகளையும் அப்படியே அருகருகே எழுதி ஏற்றத்தாழ்வு கூறுவது முறையாகாது.

எல்லா எண்களும் ஒரே அளவில் நம்பத்தக்கவை அல்ல. சோவியத் நாட்டின் என்-1 ராக்கெட் 1969க்கும் 1972க்கும் இடையில் நான்கு முறை ஏவப்பட்டு, நான்கு முறையும் தோற்றது. பல்லாண்டுகள் அது இரகசியமாக வைக்கப்பட்டமையால், அக்காலத்தில் வெளிநாட்டவர் எழுதிய எடைகள் வெறும் மதிப்பீடுகளே.

ஆகவே, எடையைக் குறித்துக்கொள்ளும் மாணவர் அதன் அருகிலேயே பயணத்தின் பெயரையும், கணத்தையும், அலகையும் எழுதிவைக்க வேண்டும். பின்னர் உறுப்புகளின் எடைகளைக் கூட்டி, மொத்தத்தோடு ஒத்து வருகிறதா என்று பார்க்க வேண்டும். இச்சிறு உழைப்பைச் செய்தவருக்கு, முரண்பட்டவையாகத் தோன்றிய எண்களுள் பல, வெவ்வேறு கேள்விகளுக்குரிய சரியான விடைகள் என்பது விளங்கும்.