இரு ஜேப்படிக்காரர்கள்!

செம்பரம்பாக்கம், ஒரகடம் வட்டாரத்து ஆலைகளிலே உழைத்து, இன்று கடல் கடந்து வேலைக்குப் புறப்படும் தோழர்களுக்கு நாம் சொல்வோம்: அயல்நாட்டிலே ஜேப்படிக்காரர் இரு வகை!

கூட்டத்திலே இடித்துக்கொண்டு வருபவன் ஒருவன். பணத்தை இரண்டு இடங்களிலே பிரித்து வையுங்கள். பாஸ்போர்ட்டின் நகலைத் தனியே வையுங்கள். பறிபோனால் வெட்கப்பட்டு முடங்காதீர்கள்! போலீசில் புகார் கொடுத்து, அதன் நகலோடு இந்தியத் தூதரகம் செல்லுங்கள். புதுப் பாஸ்போர்ட்டுக்கோ, ஊர் திரும்ப அவசரச் சான்றிதழுக்கோ அங்கே மனுச் செய்யலாம்.

மற்றொருவன் சிரித்துக்கொண்டே வருபவன். "பத்திரமாக நான் வைத்திருக்கிறேன்" என்று பாஸ்போர்ட்டை வாங்கிப் பூட்டிக்கொள்ளும் முதலாளி! ஊர் திரும்பும் உரிமையையே பறிப்பவன் ஜேப்படிக்காரன் அல்லவா? பாஸ்போர்ட் இந்திய அரசின் உடைமை என்கிறது 1967ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17ஆம் பிரிவு. அதைப் பூட்டி வைக்க இவன் யார்? அப்போதும் தூதரகத்தின் கதவைத் தட்டுங்கள்.

பையைக் காப்பது புத்தி. உரிமையைக் காப்பது கடமை!