ஒரு பட்டன் போதும்!

பேட்டரி காரின் அடியில் நகக்கண் அளவுக்கு ஒரு ஸ்விட்ச் இருக்குமே, மூளை முடக்குவாதம் உள்ள பல குழந்தைகளின் விரல் அதைத் தள்ளாது. மற்றவர் ஓட்ட, அந்தக் குழந்தை வேடிக்கைதான் பார்க்கும். கோளாறு விரலில் அல்ல, ஸ்விட்ச்சில் என்பேன்.

வழி எளிது. பிளாஸ்டிக் துண்டின் இருபுறமும் மெல்லிய செப்புத் தகடு ஒட்டி, தகட்டுக்கு ஒன்றாக வயர் சால்டர் செய்து, செல்லுக்கும் அது தொடும் ஸ்பிரிங்குக்கும் நடுவில் செருகுங்கள். சர்க்யூட் அறுந்துவிடும். இரு வயரையும் உள்ளங்கை அகலப் புஷ் பட்டனில் சேர்த்து, காரின் ஸ்விட்ச்சை 'ஆன்' நிலையிலேயே விட்டுவிடுங்கள். முழங்கையால் அழுத்தினாலும் கார் ஓடும், எடுத்தால் நிற்கும். 'நான் அழுத்தினேன், ஓடிச்சு!' என்று குழந்தைக்குப் புரிகிறதே, அதுதான் பெரிய விஷயம். பள்ளிக்கூடமே போகாத என் அப்பா இதைக் கேட்டுவிட்டு, "கிணத்துக்குள்ள மோட்டாரு, மேல ஸ்டார்ட்டரு, அதானே?" என்றார். அதேதான்!

ஆட்டிசம் உள்ள சில குழந்தைகளுக்குச் சத்தம் ஆகாது. ஸ்பீக்கர் வயரில் ஒரு ரெசிஸ்டர் சேர்க்கலாம். பட்டன் செல் போட்ட பொம்மை மட்டும் வேண்டாம். விழுங்கிவிட்டால் உணவுக்குழாயை அரித்துவிடும்.

சென்னை அருகே முட்டுக்காட்டில், பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கான தேசிய நிறுவனம் 2005-இல் வந்தது. நைனார்பாளையத்துக் கூலிக்காரத் தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அங்கே போய்வந்தால் வேலையும் போச்சு, கூலியும் போச்சு. சால்டரிங் அயர்ன் நம் லேபிலேயே இருக்கிறது. முதலில் அந்தத் தாயிடம், பிள்ளைக்குக் கையா, காலா, தலையா, எது நன்றாக அசையும் என்று கேளுங்கள். பட்டனை அங்கே வையுங்கள்.