நீரைப் பிறப்பிக்கும் வாயு

காற்று கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆயினும், அது வெறுமை அன்று. பல வாயுக்களின் கலவை. உலர்ந்த காற்றின் கன அளவில் ஏறக்குறைய 78 விழுக்காடு நைட்ரஜன். 21 விழுக்காடு ஆக்சிஜன். எஞ்சிய ஒரு விழுக்காட்டில் ஆர்கான், கரிவளி முதலியவை அடங்கும். அன்றாட வாழ்வில் மனிதன் வாயுக்களை அவற்றின் தன்மையறிந்தே பயன்படுத்துகிறான். உருளைக்கிழங்குச் சீவல் பொட்டலத்தைப் புடைத்திருக்கச் செய்வது நைட்ரஜன். அது மற்றப் பொருள்களோடு எளிதில் வினைபுரியாது. ஆதலால், எண்ணெயில் பொரித்த சீவல் விரைவில் கெடுவதில்லை. மருத்துவமனையில் மூச்சுத் திணறும் நோயாளிக்குத் தரப்படுவது ஆக்சிஜன். பிறந்தநாள் விழாவில் பலூனை மேலே தூக்கி நிறுத்துவது ஹீலியம்.

வாயுக்களுள் மிக இலேசானது ஹைட்ரஜன். 1766-ஆம் ஆண்டில் ஹென்றி கேவண்டிஷ் என்ற இங்கிலாந்து அறிவியலாளர், உலோகங்களோடு அமிலம் வினைபுரியும்போது வெளிப்படும் வாயுவைச் சேகரித்து ஆராய்ந்தார். அது எளிதில் தீப்பற்றியது. அது எரியும்போது நீர் உண்டாகிறது என்பதையும் அவர் பின்னர்க் கண்டறிந்தார். பிரெஞ்சு அறிவியலாளர் லவாசியே, ‘நீரைப் பிறப்பிப்பது’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொற்களைக் கொண்டு அவ்வாயுவுக்கு ஹைட்ரஜன் என்னும் பெயரை அமைத்தார். தமிழில் வழங்கும் நீரகம் என்னும் பெயரும் இதே உண்மையை உணர்த்துகிறது.

ஹைட்ரஜன் காற்றைவிட ஏறத்தாழ 14 மடங்கு இலேசானது. இத்தன்மையே மனிதனை வானில் ஏற்றியது. 1783-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாளில், பிரான்ஸ் நாட்டைச் சேர்ந்த ஜாக் சார்லஸ் ஹைட்ரஜன் நிரப்பிய பலூனில் பாரிஸ் நகரிலிருந்து ஒரு தோழருடன் மேலெழுந்தார். பிற்காலத்தில் இதே வாயுவைக் கொண்டு மாபெரும் வான்கப்பல்கள் பறந்தன. ஆனால், உயரத் தூக்கிய வாயுவே உயிரையும் பறித்தது. 1937 மே 6-ஆம் நாள், ஜெர்மனியின் ஹிண்டன்பர்க் வான்கப்பல் அமெரிக்காவின் லேக்ஹர்ஸ்ட் எனும் இடத்தில் தரையிறங்க முயன்றபோது தீப்பிடித்தது. அதில் இருந்த 97 பேரில் 35 பேரும் தரையில் பணியாற்றிய ஒருவரும் மாண்டனர். ஹீலியம் ஹைட்ரஜனைவிடக் கனமானது என்றாலும், அது எரிவதில்லை. இன்றைய வான்கப்பல்களிலும் பலூன்களிலும் ஹீலியம் நிரப்பப்படுவதற்கு இதுவே காரணம்.

வாயுவின் தன்மையை அறிவது வீட்டுப் பாதுகாப்புக்கும் இன்றியமையாதது. சமையல் எரிவாயுவில் புரோப்பேன், பியூட்டேன் ஆகிய வாயுக்கள் கலந்துள்ளன. இவை காற்றைவிடக் கனமானவை. கசிந்தால் தரையை ஒட்டித் தங்கிவிடும். இயல்பாக மணமற்ற இவ்வாயுவில், கசிவை மூக்கு உணர்வதற்காகவே நெடியுள்ள வேதிப்பொருள் சிறிதளவு சேர்க்கப்படுகிறது. அந்நெடி வீசினால் மின்விசையைத் தட்டக்கூடாது, தீப்பெட்டியைத் தொடக்கூடாது. எரிவாயுக் கலனை மூடி, கதவு சன்னல்களைத் திறந்து வைக்க வேண்டும். ஹைட்ரஜனோ கசிந்தவுடன் மேலெழுந்து கூரையடியில் சேரும். அதற்கு மணமில்லை, அதன் சுடரும் பகல் வெளிச்சத்தில் எளிதில் தென்படாது. எனவே, ஹைட்ரஜனைக் கையாளும் இடங்களில் மேற்பகுதியில் காற்றோட்ட வசதியும் கசிவை உணரும் கருவிகளும் அமைக்கப்படுகின்றன.

ஹைட்ரஜன் எங்கோ ஆய்வுக்கூடத்தில் மட்டும் இருப்பதன்று. உண்ணும் சோற்றிலும் அதன் பங்கு உண்டு. ஜெர்மானிய அறிவியலாளர் ஃபிரிட்ஸ் ஹேபர், காற்றிலுள்ள நைட்ரஜனை ஹைட்ரஜனோடு இணைத்து அமோனியா தயாரிக்கும் முறையைக் கண்டறிந்தார். கார்ல் போஷ் அதனைத் தொழிற்சாலை அளவுக்கு விரிவாக்க, 1913-ஆம் ஆண்டில் உற்பத்தி தொடங்கியது. அமோனியாவிலிருந்து யூரியா உரம் செய்யப்படுகிறது. மலேசியாவில் சரவாக்கின் பிந்துலுவிலும் கெடாவின் குரூணிலும் யூரியா ஆலைகள் இயங்குகின்றன. நெல் வயலுக்கும் செம்பனைத் தோட்டத்துக்கும் இடப்படும் யூரியாவுக்குப் பின்னால் ஹைட்ரஜன் மறைந்திருக்கிறது.

இன்று ஹைட்ரஜன் எரிபொருளாகவும் கவனத்தை ஈர்த்துள்ளது. எடைக்கு எடை ஒப்பிட்டால், அது பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு ஆற்றலைத் தரும். எரிபொருள் மின்கலம் என்னும் கருவியில் அதனை எரிக்காமலேயே மின்சாரம் பெறலாம். கலத்தின் ஒரு பக்கம் ஹைட்ரஜனும் மறுபக்கம் காற்றும் செலுத்தப்படுகின்றன. ஹைட்ரஜன் அணு புரோட்டானாகவும் எலெக்ட்ரானாகவும் பிரிகிறது. நடுவிலுள்ள மெல்லிய சவ்வு புரோட்டானை மட்டும் கடந்து செல்ல விடுகிறது. எலெக்ட்ரான்கள் கம்பி வழியே சுற்றிச் செல்கின்றன. அந்த ஓட்டமே மின்சாரம். மறுபக்கத்தில் இவையிரண்டும் ஆக்சிஜனோடு சேர்ந்து நீராகின்றன. நிலவுக்குச் சென்ற அப்போலோ விண்கலங்களில் எரிபொருள் மின்கலங்களே மின்சாரத்தோடு விண்வெளி வீரர்களுக்குக் குடிநீரையும் தந்தன.

இத்தகைய எரிபொருள் சாலைகளில் இன்னும் பரவாததற்குக் காரணங்கள் உள்ளன. ஹைட்ரஜன் மிக இலேசானதாகையால் அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். வாகனத்தில் ஏற்ற வேண்டுமானால் காற்றழுத்தத்தைப் போல் 350 முதல் 700 மடங்கு அழுத்தத்தில் அதனை அடைக்க வேண்டும். திரவமாக்க வேண்டுமானால் சுழியத்துக்குக் கீழே 253 பாகை செல்சியஸ் வரை குளிர்விக்க வேண்டும். இரண்டுக்கும் ஆற்றல் செலவாகும். உறுதியான கலன்களும் தேவை.

இவற்றினும் பெரிய கேள்வி ஒன்று உண்டு. ஹைட்ரஜன் எதிலிருந்து கிடைக்கிறது? நிலக்கரியைப் போல் அதனைப் பெருமளவில் தோண்டி எடுக்க முடியாது. நீரிலும் இயற்கை எரிவாயுவிலும் பிற தனிமங்களோடு பிணைந்திருக்கும் அதனைப் பிரித்தெடுக்க வேண்டும். இன்று உலகில் தயாராகும் ஹைட்ரஜனில் பெரும்பகுதி இயற்கை எரிவாயு, நிலக்கரி ஆகியவற்றிலிருந்தே கிடைக்கிறது. இயற்கை எரிவாயுவிலிருந்து ஒரு டன் ஹைட்ரஜன் பெறும்போது ஏறக்குறைய 10 டன் கரிவளி வெளியேறுகிறது. இது சாம்பல் ஹைட்ரஜன் எனப்படும். சூரிய ஒளி, காற்று, நீர்வீழ்ச்சி ஆகியவற்றால் கிடைக்கும் மின்சாரத்தை நீரில் செலுத்திப் பிரித்தால் கரிவளி வெளியேறுவதில்லை. இது பசுமை ஹைட்ரஜன் எனப்படும். இரண்டும் ஒரே வாயுதான். பிறந்த இடமே வேறு.

சரவாக் மாநிலம் இந்த இரண்டாம் வழியில் முயன்று வருகிறது. அம்மாநிலத்தின் மின்சாரத்தில் பெரும்பகுதி பாக்குன் போன்ற அணைகளின் நீர்மின் நிலையங்களிலிருந்து கிடைக்கிறது. 2019-ஆம் ஆண்டில் கூச்சிங் நகரில் ஹைட்ரஜன் உற்பத்தி நிலையம் தொடங்கப்பட்டு, ஹைட்ரஜன் பேருந்துகளும் ஓடத் தொடங்கின. எனினும், பசுமைக்கும் விலை உண்டு. அணை கட்டும்போது காடுகள் மூழ்குகின்றன; ஆற்றோர மக்கள் ஊரைவிட்டுப் பெயர நேர்கிறது. மேலும், மின்சாரத்தை ஹைட்ரஜனாக்கி மீண்டும் மின்சாரமாக மாற்றும்போது பாதிக்கு மேற்பட்ட ஆற்றல் வீணாகிவிடும். எனவே, மின்கலத்தால் எளிதில் ஓடும் சிறிய வாகனங்களைக் காட்டிலும் எஃகு ஆலை, உரத் தொழிற்சாலை, பெருங்கப்பல் போன்றவற்றுக்கே ஹைட்ரஜன் மிகுதியாகப் பயன்படும் என வல்லுநர் பலர் கருதுகின்றனர்.

கேவண்டிஷ் காலம் முதல் இன்றுவரை ஹைட்ரஜனின் குணம் மாறவில்லை. அதனைப் பயன்படுத்தும் மனிதரின் அறிவே வளர்ந்துள்ளது. பேருந்தின் பின்புறக் குழாயிலிருந்து நீராவி மட்டுமே வருகிறது என்பதைக் கண்டு மகிழலாம். ஆனால், அப்பேருந்தில் நிரப்பிய வாயு எங்கிருந்து வந்தது, எப்படி உருவானது என்று கேட்ட பின்னரே அது தூய்மையானதா என்பதை முடிவுசெய்ய இயலும். நாளைய எரிபொருளைத் தேர்ந்தெடுக்கப் போகும் இளைய தலைமுறைக்கு இக்கேள்வியைக் கேட்கும் பழக்கம் மிகவும் தேவை.