மருத்துவச்சியின் பயிற்சி



காஞ்சிபுரத்துக் கோர்வைச் சேலையை ஒருவர் தனித்து நெய்தல் அரிது. உடலும் கரையும் இணையும்படி மறுபுறமிருந்து நாடா எறிய ஒரு துணையாள் வேண்டும். முன்னாளில் அத்துணையாள் பெரும்பாலும் வீட்டுச் சிறுவனே; அருகிருந்து பார்த்தே அவன் தொழில் கற்றான். பிள்ளைப்பேறு பார்க்கும் கலையும் நம் ஊர்களில் இவ்வாறே தாயிடமிருந்து மகளுக்கு வந்தது. அக்கலை வல்லவளை மருத்துவச்சி என்றனர். பெரும்பாலும் அவள் நாவிதர் குலத்தினள். நள்ளிரவில் வந்து உயிர் காத்தவளை மறுநாள் திண்ணைக்கு அப்பால் நிறுத்தியது நம் சமூகம் என்பதையும் மறைத்தல் தகாது.

அவளிடம் பொறுமையும் கைப்பழக்கமும் இருந்தன. கிருமிகளைப் பற்றிய அறிவு இல்லை. கொப்பூழ்க்கொடியை அறுக்கக் கையிற் கிடைத்த அரிவாளே போதும் என்றிருந்தாள். மண்ணிலும் சாணத்திலும் உள்ள இசிவுநோய்க் கிருமி அவ்வழியே குழந்தையின் உடலிற் புகும். நன்றாகப் பால் குடித்த குழந்தை, ஏழெட்டு நாட்களில் தாடை இறுகி, உடல் விறைத்து மடியும்.

நாட்டு மருத்துவச்சியரைப் பயிற்றுவிக்க 1903இல் கர்ஸன் சீமாட்டியார் ஒரு நிதியை ஏற்படுத்தினார். 1926இல் சென்னை மாகாணம், செவிலியரையும் மருத்துவச்சியரையும் பதிவு செய்யச் சட்டம் இயற்றிற்று. பிற்காலப் பயிற்சிகளின் சாரம் ஐந்து தூய்மைகள்: கை, படுக்கும் இடம், அறுக்கும் அலகு, கட்டும் நூல், அறுத்த கொடியின் முனை. எழுத்தறியாதவரும் விரல்விட்டு எண்ணி நினைவில் வைக்கத்தக்க பாடம் இது. ஆசிரியத் தொழில் பயின்ற எனக்கு, இதனை வகுத்தவரின் திறம் வியப்பளிக்கிறது. பயிற்சியோடு தாய்மார்க்குத் தடுப்பூசியும் மருத்துவமனைப் பேறும் சேர, 2015இல் இந்தியா பச்சிளங் குழந்தைகளின் இசிவுநோயை ஒழித்த நாடாக ஏற்கப்பெற்றது. ஒழித்தல் என்பது, எந்த மாவட்டத்திலும் ஆயிரம் பிறப்புக்கு ஒன்றினும் குறைவு என்ற அளவே.

ஆயினும் தூய கை எல்லாவற்றையும் தடுக்காது. பேற்றுக்குப் பின் கருப்பை சுருங்காவிடின் குருதி நில்லாது பெருகும். நலமுள்ள பெண்ணும் இரண்டு மணி நேரத்தில் இறக்கக்கூடும். அதற்கு ஊசிமருந்து வேண்டும். சிலபோது பிறர் குருதியும் வேண்டும். சில நாள் பயிற்சி மட்டும் தாயரின் சாவைக் குறைக்கவில்லை என்பதை 1990களில் உலகம் உணர்ந்தது. இன்று தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99க்கு மேற்பட்ட பேறுகள் மருத்துவமனைகளிலேயே நிகழ்கின்றன.

சமவெளிக்கு இது எளிது. மலைநாட்டுக்கு? தருமபுரி மாவட்டத்துச் சிட்லிங்கிப் பள்ளத்தாக்கிற்கு 1990களின் தொடக்கத்தில் மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜும் லலிதாவும் சென்றபோது, அரூர் மருத்துவமனை ஏறக்குறைய 50 கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. வெளியூர்ச் செவிலியரை எதிர்நோக்கி இராமல், அவ்விடத்து மலையாளி, லம்பாடிப் பெண்களையே தேர்ந்து, சில நாட்களில் முடித்துவிடாமல், நோயாளியின் அருகிலேயே வைத்துப் பழக்கினர். அப்பெண்கள் பேறு பார்க்கவும், இடர் வரும் அறிகுறியைக் கண்டு மருத்துவரை அழைக்கவும் கற்றனர்.

கனடாவின் வடகோடியிலும் இத்தகைய நிலையே. இனுயிட் பழங்குடிக் கருவுற்ற பெண்களை, பேற்றுக்குப் பல வாரங்கள் முன்பே விமானத்தில் தென்னகரங்களுக்கு அனுப்பிவந்தனர். அவர்கள் சுற்றமும் தாய்மொழியும் அற்ற இடத்திற் காத்திருந்தனர். 1986இல் புவிர்நிடுக் என்னும் ஊரில் பேறுகால நிலையம் திறக்கப்பட்டது. அங்கே இனுயிட் பெண்கள் தம் ஊரிலேயே மருத்துவச்சிக் கல்வி பெறுகின்றனர். மிக்க இடருள்ளவரை மட்டும் தெற்கே அனுப்புகின்றனர்.